நிழலும் உரிமையே



வெயில் எல்லார்க்கும் பொது, நிழலோ பொதுவன்று. முதுகுன்றத்துச் சூளைத் தொழிலாளி பகலில் உலையனலைத் தாங்குகிறான். இரவில் தகரக் கூரையின் அனலைத் தாங்குகிறான்.

2010 மேத் திங்கள் வெயிலில் அகமதாபாத்து நகரில் வழக்கத்தினும் ஆயிரவர்க்கு மேல் கூடுதலாக மாண்டனர். அதன்பின் 2013-இல் அந்நகராட்சி முன்னறிவிப்பு, குடிநீர், மருத்துவர்க்குப் பயிற்சி எனத் திட்டம் வகுத்தது. தமிழக அரசும் 2024-இல் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. இறந்தார் குடும்பத்திற்கு நான்கு இலக்கம் உருபா உண்டு. அத்தொகை போன உயிரை மீட்குமா?

உயிர் காக்கும் வேலை ஊரில் தொடங்கவேண்டும். தெருதோறும் வேம்பும் புங்கும் நடுக! வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்சுண்ணத்தை ஏழையர் கூரைக்குப் பூசுக! உழைப்பார்க்கு நண்பகல் ஓய்வு தருக! தனித்து வாழும் முதியோர் பெயரைத் தெருவாரியாக எழுதி, கோடையில் நாடோறும் சென்று காண்க!

நிழலை ஈகையாகக் கேளாதீர். பேரூராட்சியிடம் உரிமையாகக் கேளுங்கள்!