வான்கோழி சமைக்கும் வகை



வான்கோழியை வளர்க்கக் கண்டவர்கள் நம்மிடையே பலர். சமைத்து உண்டவர்கள் சிலரே. ஆயினும் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையன்று அமெரிக்க நாட்டிலே பெரும்பாலான வீடுகளில் விருந்தின் நடுநாயகமாக விளங்குவது இப்பறவையேயாகும். அது அவர்களுடைய நன்றியறிதல் திருநாள். 1863ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஆபிரகாம் லிங்கன் அதனை நாடு முழுவதற்கும் உரிய நாளாகப் பிரகடனஞ் செய்தார். நான்காவது வியாழன் என்று சட்டத்தினால் வரையறுக்கப்பட்டது 1941இலேயாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அத்திருநாளன்று மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வாழும் என் தங்கையின் வீட்டில் நான் தங்கியிருந்தேன். அன்று கண்டதும், பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்ததுமே இன்றைய பேச்சுக்குப் பொருளாகும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலர் இப்பறவையைத் துருக்கி நாட்டின் பெயரால் அழைக்கின்றனர். துருக்கியரோ அதனை இந்தியாவின் பெயரால் 'ஹிந்தி' என்கின்றனர். ஒல்லாந்தர் அதற்குக் கள்ளிக்கோட்டைக் கோழி என்னும் பொருள்பட 'கல்கூன்' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் வழங்கும் 'களுகும்' என்னும் சொல் அதன் வழி வந்ததே. இத்தனை நாட்டாரும் தத்தமக்குத் தொலைவிலிருந்து வந்ததாக எண்ணிய இப்பறவையின் உண்மையான தாயகம் மெக்சிக்கோ உள்ளிட்ட வட அமெரிக்க நிலமேயாகும்.

இனி விருந்துக்கு வருவோம். என் தங்கை வாங்கியிருந்த பறவை 14 இறாத்தல் நிறையுடையது. கல்லைப் போல் உறைந்திருந்தது. செவ்வாய் இரவு அதனை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள். நாலைந்து இறாத்தலுக்கு ஒரு முழு நாள் என்பது அங்கு வழங்கும் கணக்கு. அக்கணக்கின்படி மூன்று நாள்களுக்கு மேல் வேண்டும். அவள் கொடுத்ததோ ஒன்றரை நாள். வியாழன் காலையில் வெளிப்புறம் இளகியிருந்தமையால் உட்புறமும் இளகிவிட்டதென்று நம்பிப் போறணையில் வைத்தாள். போறணை என்றதும் பாண் சுடும் பெரிய போறணையை நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். குசினியிலேயே அமைந்த சிறிய மின்போறணை அது.

பிற்பகல் மூன்று மணிக்குப் பொன்னிறமாகச் சிவந்த பறவை மேசைக்கு வந்தது. விருந்தினர் பன்னிருவர். தங்கையின் கணவர் எழுந்து நின்று கத்தியை வைத்தார். மார்பிறைச்சி பஞ்சைப் போல் உலர்ந்து உதிர்ந்தது. தொடைமூட்டிலோ குருதி கசிந்தது. மேசையைச் சுற்றி ஓசை அடங்கிவிட்டது. தங்கை என்னைப் பார்த்து, "அக்கா, இனி என்ன செய்வது?" என்று தமிழிலே மெதுவாகக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

விருந்துக்கு வந்திருந்த அயல்வீட்டு முதிய அம்மையார் ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்குச் சென்று, ஊசி போன்ற முனையுடைய வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்தார். மார்பிலே குத்தினார், 180 பாகை பரனைற் காட்டியது. தொடையிலே குத்தினார், 140. உண்பதற்கு அஞ்சவேண்டாத அளவு 165 பாகை, அதாவது நம் கணக்கில் 74 பாகை செல்சியஸ். "கால்களை வெட்டிப் போறணைக்கு அனுப்பு. மார்பை மெல்லிதாக அரிந்து அதன்மேல் சூடான சாற்றை ஊற்று. எல்லாரும் உண்ணத் தொடங்கட்டும்" என்றார். அவ்வாறே செய்தோம். அரைமணி கழித்துக் கால்கள் வந்தன. அன்று அவையே மிகச் சுவையாய் இருந்தன.

பறவை சரியாக இளகாமை அன்றைய தவறு. ஆனால் நன்றாக இளகிய பறவையிலும் ஓரளவு இத்தொல்லை உண்டு. அதன் காரணத்தை அந்த அம்மையாரிடமே கேட்டறிந்தேன். வான்கோழி பார்வைக்கு ஒரு பறவையாயினும் சமைப்பவருக்கு இரண்டு இறைச்சி. நாள் முழுதும் நின்று நடக்கும் கால்களில் இணைப்பிழைகள் மிகுதி. அவை கரைந்து மென்மையாவதற்கு 175 பாகையேனும் வேண்டும். மார்பில் அவ்விழைகள் குறைவு. 165 பாகையைக் கடந்தால் அது நீரை இழந்து வறண்டுவிடும். போதாக்குறைக்கு, இன்றைய பண்ணைப் பறவைகள் மார்பு பருக்கும்படி இனம் பெருக்கப்பட்டவை. ஆகவே ஒரே வெப்பத்தில், ஒரே நேரத்தில், இரண்டையும் பதமாக்குவது எவ்வாறு? அமெரிக்க இல்லத்தரசியர் கையாளும் முறைகள் யாவும் இவ்வொரு வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளே எனலாம்.

பழைய முறை, முழுப் பறவையின் வயிற்றில் பாண் துண்டு, வெங்காயம், செலரி, சேஜ் என்னும் வாசனையிலை ஆகியவற்றை அடைத்து, வெண்ணெய் பூசி, 325 பாகையில் நான்கு மணி நேரம் வரை வாட்டுதல். காட்சிக்கு இதுவே சிறந்தது. ஆனால் வயிற்றிலுள்ள பாண் பச்சை இறைச்சிச் சாற்றை உறிஞ்சுவதால் அதுவும் 165 பாகையை அடைந்தாக வேண்டும். அதற்குள் மார்பு வறண்டுவிடும். இக்காலத்தில் பலர் அவ்வுள்ளீட்டை வேறு தட்டிலே சமைப்பது இதனாலேயே. ஒழுகும் நெய்யை அடிக்கடி அகப்பையால் மொண்டு மேலே வார்ப்பாரும் உளர். அதனால் தோல் அழகுபெறும். இறைச்சிக்குள் நீர் ஏறாது. கதவைத் திறக்குந்தோறும் சூடு வெளியேறுவதே மிச்சம்.

உப்பின் உதவியை நாடுவோர் இரு சாரார். ஒரு சாரார் பறவையை உப்புநீரில் இரவு முழுதும் அமிழ்த்துவர். இறைச்சி நீரைப் பிடித்துக்கொள்ளும், எனினும் சுவை சற்று நீர்த்துத் தோல் தளர்ந்துவிடும். மற்றவர் உப்பைத் தோல்மேல் தேய்த்து, மூடாமல் இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வைப்பர். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பின்னர் அந்நீரிலேயே கரைந்து உள்ளே செல்லும். தசைப் புரதங்களைத் தளர்த்தி, சூட்டிலே அவை இறுகி நீரைப் பிழிந்துவிடாமற் காக்கும். தோலும் உலர்ந்து மொறுமொறுப்பாகும். இதற்குச் செலவு ஒரு பிடி உப்பு மாத்திரமே.

லூசியானா முதலிய தென்மாநிலங்களில் பறவையை முழுதாகவே கொதிக்கும் கச்சான் எண்ணெயிற் பொரிக்கிறார்கள். இறாத்தலுக்கு மூன்று நான்கு நிமிடமே பிடிப்பதால் 12 இறாத்தற் பறவை முக்கால் மணியில் முடிந்துவிடும். சுவையை எல்லாரும் புகழ்கின்றனர். ஆபத்தோ சிறிதன்று. இளகாத பறவையை எண்ணெயில் இறக்கினால் பனிநீர் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பற்றும். ஆதலால் முற்றத்திலே, வீட்டுக்கு எட்டத்தில்தான் இதனைச் செய்தல் வேண்டும். எவ்வளவு எண்ணெய் வேண்டுமென அறியப் பறவையைப் பாத்திரத்தில் வைத்து மூழ்குமட்டும் நீர் ஊற்றி அளந்துகொள்வார்களாம்; பின்பு பாத்திரத்தையும் பறவையையும் ஈரமறத் துடைத்துவிடவேண்டும். என் தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கு இம்முறையில் மிக்க ஆசை. நான் தடுத்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது, முதுகெலும்பைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி நீக்கி, மார்பெலும்பை உள்ளங்கையால் அழுத்திப் பறவையைத் தட்டையாக விரித்து வாட்டும் முறை. கால்கள் வெளிப்புறமாய்த் திரும்பி நேரே சூட்டைப் பெறுகின்றன. மார்பு விரைவில் வறள்வதில்லை. 450 பாகையில் ஒன்றரை மணியளவில் 12 இறாத்தற் பறவை தயாராகிவிடும். நீக்கிய எலும்பு சாற்றுக்கு உதவும். குறை ஒன்றுதான்: மேசையிலே வைத்தால் பறவை தவளையைப் போலத் தோன்றும். தங்கையின் கணவர் இதனை ஒப்பவேமாட்டார். பிள்ளைகள் முழுப் பறவையைக் காணவேண்டுமாம்.

அந்த அம்மையாரின் முறை வேறு. முதல் ஒரு மணி நேரம் மார்பைக் கீழ்நோக்கி வைத்துக் கால்களுக்கு முந்திச் சூடேறச் செய்து, பின்னர்ப் பறவையைப் புரட்டிவிடுவாராம். கொதிக்கும் நெய் வடியும் 14 இறாத்தற் பறவையைப் புரட்ட நான்கு கைகள் வேண்டும். நாற்பது ஆண்டுகள் அவருடைய கணவரே மறுபக்கம் பிடித்தவர். அவர் மறைந்தபின் அம்மையார் முழுப் பறவை வாங்குவதை விட்டுவிட்டு, மார்பையும் காலையும் தனித்தனியே வாங்கித் தனித்தனியே சமைத்து வருகிறார். "சமையலுக்கு இதுதான் சரியான வழி, ஆனால் இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று என்னிடம் சொன்னார்.

சென்ற வாரம் தங்கை தொலைபேசியிற் பேசினாள். இவ்வாண்டுப் பறவையை நான்கு நாள் முன்னதாகவே குளிர்ப்பெட்டிக்கு மாற்றப்போகிறாளாம், உப்பும் தேய்ப்பாளாம். முழுதாகத்தான் சமைப்பது என்று முடிவாகிவிட்டது. அம்மையார் காலை பத்து மணிக்கே, தடித்த துவாய்கள் இரண்டுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.