பேயை வென்ற நட்பு

பேய்க்கதை என்றால் சிறுவர்க்குக் களிப்பு. பெரியவர்களில் பலருக்கு ஏளனம். கதவு தானே திறப்பதும் இருளில் ஓர் அலறல் கேட்பதும் தவிர அதில் வேறென்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். பேயின் எதிரே நிற்கும் மனிதர் எத்தகையவர் என்பதே நல்ல பேய்க்கதையின் பொருள் என்று நாம் விடை கூறலாம். அதற்குச் சான்றாக, 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'லாக்வுட் அண்ட் கோ' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரை இன்று எடுத்துக்கொள்வோம். ஜானதன் ஸ்ட்ரவுட் என்ற ஆங்கில எழுத்தாளர் 2013 முதல் 2017 வரை வெளியிட்ட ஐந்து நாவல்களுள் முதல் இரண்டைத் தழுவி, ஜோ கார்னிஷ் என்பவர் எட்டுப் பகுதிகளாக அமைத்த நாடகம் அது.

கதை நிகழும் இங்கிலாந்து ஒரு கற்பனை நாடு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இறந்தோரின் ஆவிகள் அங்கே இரவுதோறும் உலவுகின்றன. அவை தீண்டினால் மரணம். பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு. வீதிகள் வெறிச்சோடிப் போகின்றன. இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரு கொடுமையும் உண்டு. ஆவிகளைக் காணவும் அவற்றின் குரலைக் கேட்கவும் வல்லவர் இளம்பிள்ளைகளே. வயது வந்தால் அவ்வாற்றல் மங்கிவிடும். ஆகவே பெரியவர்கள் தாழிட்ட வீட்டில் உறங்க, பிள்ளைகள் வாளேந்திக் காவல் புரிகின்றனர். அவர்களை வேலைக்கு அமர்த்திப் பெரும்பொருள் ஈட்டும் நிறுவனங்களும் அந்நாட்டில் தழைக்கின்றன.

லூசி கார்லைல் என்ற பெண் அத்தகைய பிள்ளைகளுள் ஒருத்தி. நாட்டின் வடபகுதியில் வேலை பார்த்தபோது, மேலாளரின் தவற்றால் உடன் சென்ற தோழர்கள் மாண்டனர். உயிர்த்தோழி நினைவற்றுக் கிடக்கிறாள். நடந்ததை லூசி உரைத்தாள், ஒருவரும் நம்பவில்லை. பெற்ற தாயிடமும் ஆறுதல் கிட்டாத நிலையில், கையில் ஒரு பையுடன் இலண்டன் மாநகரை அடைகிறாள். பெரிய நிறுவனங்கள் கைவிரிக்க, அந்தோனி லாக்வுட் என்னும் இளைஞன் நடத்தும் மிகச் சிறிய நிறுவனம் அவளை ஏற்கிறது. அதில் இருப்பவர்கள் அவனும், ஜார்ஜ் கரீம் என்ற தோழனும் மட்டுமே. மேற்பார்வைக்குப் பெரியவர் ஒருவரும் இல்லை.

லாக்வுட்டின் கண் ஆவியின் சாயலைக் காணும். லூசியின் செவி அதன் குரலைக் கேட்கும். ஜார்ஜோ பழைய ஏடுகளைத் துருவி, அந்த வீட்டில் முன்பு நடந்தது என்ன என்று அறிந்து வருவான். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா. அவர்களுடைய கருவிகள் இரும்புச் சங்கிலி, உப்பு, மெல்லிய வாள் ஆகியவை. இரவில் வெளியே புறப்படுவோர் கையில் இரும்புத் துண்டைக் கொடுத்தனுப்பும் நம் ஊர்ப் பாட்டிமார் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள்!

ஆனால் வாள் ஆவியைச் சற்று விலக்கி நிறுத்துமே அன்றி, அடக்காது. ஒவ்வோர் ஆவியும் ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி நிற்கிறது. அப்பொருளைக் கண்டெடுத்து வெள்ளியாலோ இரும்பாலோ மூடினால்தான் அது அடங்கும். பல்லாண்டுகளுக்கு முன் கொலையுண்டு சுவருக்குள் மறைக்கப்பட்ட ஒரு பெண்ணின் ஆவி இக்கதையில் வருகிறது. எல்லாரும் அஞ்சி ஓடும் அந்தக் குரலுக்கு லூசி செவி கொடுக்கிறாள். அதனால் பழைய கொலை ஒன்று வெளிப்படுகிறது. தன் சொல்லை உலகம் நம்பாத துயரம் அறிந்தவள் ஆதலின், அவளால் இன்னொருத்தியின் சொல்லைக் கேட்க முடிந்தது.

இம்மூவரின் நட்பிலும் விரிசல் விழாமல் இல்லை. மற்ற இருவரும் நெருங்கிவரக் கண்ட ஜார்ஜ், தான் ஒதுக்கப்பட்டதாக எண்ணுகிறான். அந்த வேளையில் அவனுடைய அறிவுப் பசியைப் புகழ்ந்து பேசும் ஒருவரின் சொல்லுக்கு மயங்கி, பார்த்தோரைக் கொல்லும் மாயக் கண்ணாடியின் அருகே செல்கிறான். உயிரைப் பணயம் வைத்து அவனை மீட்கும் நண்பர்கள், அவனைப் பழித்து ஒதுக்கவில்லை. நட்பைக் குறித்து வகுத்த அதிகாரங்களுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் 'பழைமை' என்று பெயரிட்டார். பழகிய உரிமையால் நண்பர் செய்யும் பிழையைப் பொறுப்பதே அதன் பொருள். அதற்கு உரையாக நிற்கிறது இக்காட்சி.

லாக்வுட்டின் வீட்டில், எவரும் நுழையக் கூடாது என்று அவன் பூட்டிவைத்த அறை ஒன்று உண்டு. பேய்க்கு அஞ்சாத அவன் அந்த அறையைப் பற்றிப் பேச அஞ்சுவான். எட்டாம் பகுதியின் முடிவில் தன் நண்பர்களுக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டுகிறான். தொடரும் அதனுடன் நின்றது. அடுத்த பருவம் இல்லை என்று 2023 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. எஞ்சிய கதையை அறிய விரும்புவோர் நாவல்களை நாடலாம்.

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், லூசியின் நிலையை எளிதில் உணர்வோம். அந்த வீட்டின் சமையலறை மேசையில் ஒரு துணி விரித்திருக்கும்; தோன்றிய எண்ணத்தை மூவரும் அதிலேயே எழுதி வைப்பார்கள். ஊரும் உறவும் தொலைவில் இருக்க, தன் சொல்லுக்கு அத்துணியில் ஓர் இடம் கிடைத்தபோதுதான் லூசிக்கு அந்த மாநகரம் வாழும் ஊராயிற்று. நம் தெருவிலும், நம் அலுவலகத்திலும், நேற்று வந்து இறங்கிய ஒருவர் இருக்கக்கூடும். அவர் சொல்வதைச் சற்று நின்று கேட்போமாக.