நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள்



சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் ஆம்பூர் வந்ததும் வண்டியை ஓரங்கட்டுவார்கள். பிரியாணி சாப்பிடுவார்கள், வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சுற்றியிருக்கும் மலைகளையும், பக்கத்திலேயே கிடக்கும் பாலாற்றையும் ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த வட்டாரத்தில் ஒரு நாளாவது தங்கிப் பாருங்கள் என்று அழைக்கவே வந்திருக்கிறேன்.

முதலில் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பாதான் அரிசி. மணி பொடியாக இருக்கும். கறிச்சாற்றை நன்றாக இழுத்துக்கொள்ளும், ஆனால் குழையாது. மிளகாய்த்தூளுக்குப் பதில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. பட்டை, கிராம்பெல்லாம் அளவோடுதான். அரிசியை முக்கால் பதத்தில் வடித்துக் கறியோடு சேர்த்து, மூடியின் மேல் விறகுத் தணலை அள்ளிப் பரப்பி, தம்மில் விடுவார்கள். தம் உடைக்கும்போது எழும் வாசம் தெருமுனை வரை வரும். ஆர்க்காடு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்த கைப்பக்குவம் இது என்பது ஊரார் பேச்சு.

கூடவே வெங்காயத் தயிர்ப் பச்சடியும், புளிப்பாகச் சமைத்த கத்தரிக்காயும் வைப்பார்கள். கத்தரிக்காய் என்றதும் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து இலவம்பாடியைச் சொல்லியாக வேண்டும். அங்கே விளையும் கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்து எடுத்தால் விரலில் முள் குத்தும். வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் என்ற பெயரில் 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது. சந்தையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். வரும் வழியில் ஆர்க்காட்டில் மக்கன் பேடாவையும் ருசி பாருங்கள்.

சாப்பிட்டாயிற்று, இனி மலை ஏறலாம். வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில், பொன்னேரியில் திரும்பினால் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரி, பேகன் என்று புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை சொல்லலாம். மேலே புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள். மலையின் மறுபக்கம் ஜலகாம்பாறை அருவி. மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் போனால்தான் அதன் அழகு தெரியும்.

எதிரே ஜவ்வாது மலை. ஆலங்காயம் வழியாகப் போனால் காவலூர். அங்குள்ள வானாய்வகத்தின் 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1988இல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயரை வைத்தார்கள். பொதுமக்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். திரும்பும்போது மலைவாழ் மக்களிடம் சாமை, தேன், புளி வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கடைசியாகப் பாலாறு. தோல் தொழில் இந்த மண்ணில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. செருப்புக் கம்பெனிகளில் பெண்கள் பெருந்திரளாக வேலை செய்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் டேனரிக் கழிவு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியதற்கு விவசாயிகள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கு இந்தியாவுக்கே வழிகாட்டியது. பாலாற்றுக்குத்தான் இன்னும் முழு விடிவு வரவில்லை.

ஆகவே நேயர்களே, இந்த ஊரின் ருசியைத் தேடி வாருங்கள். வந்தவர்கள் ஆற்றையும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். மலையில் பிளாஸ்டிக் போடாதீர்கள். பாலாற்றைக் காக்க இங்குள்ளவர்கள் குரல் கொடுக்கும்போது உங்கள் குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாக இருந்தால்தான் கத்தரித் தோட்டமும் இருக்கும், பிரியாணியும் இருக்கும்.