பணிக்கு ஆளெடுக்கும் கல்வி

 

சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில் மேற்படிப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நம் பிள்ளைகள் ஆசிரியர், செவிலியர், காவலர், எழுத்தர் என்று அரசுப் பணிகளை நாடியே படிக்கின்றனர். அது நன்றே. ஆயினும் அரசியலமைப்பின் 16(4) பிரிவு தரும் இட ஒதுக்கீடு அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. நம் மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டிலே காலணித் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தருகின்றன. அங்கே யாரைச் சேர்ப்பது, என்ன ஊதியம், யாருக்குப் பதவி உயர்வு என்று முடிவு செய்பவர்கள் யார்? மனிதவள மேலாண்மை படித்தவர்கள். அப்படிப்பில் நம்மவர் மிகுதியாகச் சேர வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

இதன் அடித்தளமாக விளங்கும் துறைக்குப் பணியாளர் பொருளியல் என்று பெயர். அமெரிக்க அறிஞர் எட்வர்டு லாசியர் இதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். வண்டிக் கண்ணாடி பொருத்தும் ஒரு நிறுவனம் மணிக்கணக்குக் கூலியை விட்டு, பொருத்திய கண்ணாடிக்கு இவ்வளவு என்று கூலி தரத் தொடங்கியது. ஆள் ஒருவரின் உற்பத்தி 44 விழுக்காடு உயர்ந்தது என்று அவர் 2000-இல் எழுதினார். அவ்வுயர்வில் ஏறக்குறைய பாதி, இருந்தவர்களே கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதி, திறமையுடையோர் அங்கே வந்து சேர்ந்து நிலைத்ததால் வந்தது. நாள் கூலிக்கும் அளந்து தரும் கூலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கடலைக் காட்டில் நம் பெற்றோர் அறிந்திருந்தனர். அதைக் கணக்கிட்டு ஆராய்வதே இப்படிப்பு.

இது நமக்கு ஏன் இன்றியமையாதது? 2007-இல் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 66 வாரங்கள், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு ஒன்று எனில் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் டெல்லியில் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து உரையாடினர். திறமை ஒன்றே அளவுகோல் என்று கூறிய அம்மேலாளர்கள், குடும்பப் பின்னணியையும் விசாரிப்பதாக ஒப்புக்கொண்டனர். பின்னணி என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கிறது. மேசைக்கு அப்பால் நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்தால், அக்கேள்வி எதற்கு என்று கேட்க முடியும்.

இத்துறை நமக்குப் புதிதன்று. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்ற டாக்டர் அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிற்சாலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது 1946-இல்தான். பின்னர் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்குக் குறையாத ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதனை 250 என்று குறைத்துள்ளது. ஆகவே வாய்ப்புகள் பெருகும்.

எங்கே படிப்பது? சென்னையில் 1952-இல் தோன்றிய சமூகப் பணிப் பள்ளி இருக்கிறது. 1973-இல் தோன்றிய தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் அரசு நிறுவனம். அங்கே தொழிலாளர் மேலாண்மையில் இளங்கலையும் முதுகலையும் உண்டு. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனமும், ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும் புகழ் பெற்றவை. திருவண்ணாமலை அரசுக் கல்லூரியில் எப்பட்டம் பெற்றவரும் முதுகலையில் இத்துறைக்கு வரலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். எம்.பி.ஏ. என்ற பெயரைக் கண்டதும் கடன் வாங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். நல அலுவலர் பணிக்கு அப்பட்டம் செல்லுமா, ஆலைப் பயிற்சி உண்டா என்று விசாரித்த பின் சேருங்கள். 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத நம் குடும்பங்களுக்கு உண்டு. அதற்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இளைஞர்களே! தொழிலாளர் சட்டம், புள்ளியியல், உளவியல், ஆங்கிலம் ஆகிய நான்கிலும் தேர்ச்சி பெறுங்கள். நாளை தேர்வு செய்யும் இடத்தில் அமரும்போது, விண்ணப்பத்தில் உள்ள பெயரைப் பாராது தகுதியைப் பாருங்கள். நமக்கு மறுக்கப்பட்ட நீதியை எவருக்கும் மறுக்காதீர்கள்.