வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே பீஸ் கட்டணுமா?

மேலநீலிதநல்லூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவங்க அக்கா என்.எச்.எஸ். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகப்போறாங்க. "அரசாங்க வேலைதானே அண்ணே, மறுபடி கொரோனா மாதிரி ஒண்ணு வந்தா வைத்தியச் செலவை அவங்களே பாத்துக்குவாங்கல்ல?"

இப்போ ஆமா. 2020 மே வரைக்கும் கதை வேற.

என்.எச்.எஸ். வரிப்பணத்துல ஓடுற அரசு மருத்துவ சேவை. அங்க குடியிருக்கிறவங்களுக்கு இன்சூரன்ஸ் கார்டெல்லாம் தேவையில்லை. ஆனா விசாவுல போய்த் தங்குறவங்ககிட்ட 2015-ல இருந்து தனியா ஒரு கட்டணம் வாங்குறாங்க. பேரு இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ். முதல்ல தலைக்கு வருஷம் 200 பவுண்ட், 2019 ஜனவரியில 400 ஆச்சு. மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொத்தமா எடுத்து வைக்கணும். ஒரு நர்ஸ், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, 3 வருஷ விசான்னா 4,800 பவுண்ட். அன்னிக்கு மதிப்புல ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். புதுசா சேர்ற நர்ஸோட வருஷச் சம்பளமே 25,000 பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. இதுபோக வருமான வரியும் கட்டணும்.

நம்ம கோட்ல ஒரே சர்வீஸுக்கு ரெண்டு தடவை டெபிட் ஆனா, ராத்திரி 2 மணிக்கு போன் போட்டு எழுப்பி சரிபண்ணச் சொல்லுவாங்க. அங்க அதுக்குப் பேரு பாலிசி.

2020 ஏப்ரல்ல பிரதமர் போரிஸ் ஜான்சனே கோவிட் வந்து லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. வரைக்கும் போனார். வெளியே வந்ததும் 48 மணி நேரம் கூடவே நின்ன ரெண்டு நர்ஸுக்கு நன்றி சொன்னார். ஒருத்தர் நியூசிலாந்து, இன்னொருத்தர் போர்ச்சுகல். அடுத்த மாசம் 20-ம் தேதி எதிர்க்கட்சித் தலைவர் கீர் ஸ்டார்மர் நாடாளுமன்றத்துல, "மருத்துவப் பணியாளர்கிட்டயாவது இந்தக் கட்டணத்தை விடக்கூடாதா?"ன்னு கேட்டார். முடியாது, இதுல 90 கோடி பவுண்ட் வருதுன்னார் ஜான்சன். அது எல்லார்கிட்டயும் 4 வருஷமா வசூலிச்ச மொத்தத் தொகைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சது. சொந்தக் கட்சி எம்.பி.க்களே முணுமுணுக்க, மறுநாளே கட்டணம் ரத்துன்னு அறிவிப்பு வந்துடுச்சு. மார்ச் 31-ல இருந்து கணக்குப் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. கைதட்டுறதை விட இது எவ்வளவோ மேல்.

மத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கட்டணம் இப்போ 1,035 பவுண்ட். அதனால தம்பி, அக்காவோட விசா 'ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர்' விசாதானான்னு ஏஜென்ட்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. அதுல போனா அக்காவுக்கும் கூடப் போற குடும்பத்துக்கும் கட்டணம் கிடையாது. ஸ்டூடண்ட் விசாவுல போனா முதல்ல கட்டித்தான் ஆகணும்.

ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கு இதுல எதுவும் வராது. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. இல்லைன்னா தனியா ஒரு பாலிசி போடுங்க, அக்கா கிளம்புறதுக்கு முன்னாடியே. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் போகும், பாலிசி போட்ட நாள்ல இருந்துதான் அது ஓட ஆரம்பிக்கும். சுகர், பிரஷர் இருந்தா ஃபார்ம்ல மறைக்காம எழுதிடுங்க.