ரிஷிமூலமா, கப்பல் பதிவா?
(விருத்தாசலம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பழமொழி சொல்லுகிறவர்களே கலியாணத்திலும் கருமாதியிலும் கோத்திரம் கேட்கிறார்கள். ஒரு ரிஷியின் பெயரைச் சொன்னால் வம்சம் தெரிந்துவிட்டதாம்! அந்த ரிஷி எந்த ஊரில், எந்த வருஷம் பிறந்தார் என்று நாம் கேட்டால், நாஸ்திகன் என்பதுதான் பதில்.

ஆனால், வம்சமற்றவன் என்று தள்ளப்பட்ட கூலிக்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். முதல் கப்பலாகிய 'ட்ரூரோ' 342 பேருடன் 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், ஜில்லா, உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. அன்பினாலா? இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வேண்டும். ஓடினால் பிடிக்க அடையாளம் வேண்டும். ஆனாலும் முதலாளிக்காக எழுதிய அந்தக் கணக்குத்தான் இன்று கொள்ளுப்பேரனுக்குத் தன் பாட்டனைக் காட்டுகிறது.

தேடுகிறவர்கள் பெயரைவிட நம்பரையே முதலில் பிடிக்க வேண்டும். பெயரும் ஊரும் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. நம்பரோ பிற்காலப் பத்திரங்களிலும் தொடர்ந்து வரும். பதிவில் தென்னார்க்காடு என்றிருந்தால், அந்த ஜில்லா 1993-ல் பிரிக்கப்பட்டதை நினைவில் வைக்க வேண்டும். இந்த விருத்தாசலமும் அதில் ஒரு தாலூகாவாக இருந்ததுதான்.

தோழர்களே! அப்படித் தேடி ஒருவர் நம் ஊருக்கு வந்தால், நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "என்ன ஜாதி? எந்தத் தெரு?" ஜாதிப் பத்தியைப் பார்த்துத்தான் மாலையா, சேரிக்கு வழியா என்று தீர்மானிப்பதா? கடல் கடந்து வந்தவன் தேடுவது மனிதரை. நாம் காட்டுவது தெருவையா?

இன்னொரு சங்கதி. அந்தப் பதிவில் தகப்பனுக்குப் பத்தி உண்டு, பெற்றவளுக்கு இல்லை. வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லுவானேன்? உங்கள் தாயைப் பெற்ற பாட்டிக்குத் தாயின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகையால் நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். ஊர் தேடி வருகிறவர்களிடம் ஜாதி கேளாமல் உதவி செய்யுங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பாட்டன் பாட்டி இருபுறத்தாரின் பெயர், ஊர், வருஷம், செய்த தொழில் ஆகியவற்றை எழுதுங்கள். முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். நாம் எழுதாமல் விட்ட இடத்தில் நாளைக்கு எவனாவது ஒரு ரிஷியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவான்!