பேச்சுக்கு வரம்பு



மசோதாவின் மீது இவ்வளவு நேரந்தான் பேசலாம் என்று வரம்பு கட்டினால் ஜனநாயகத்தின் வாயையே அடைத்துவிட்டதாகச் சிலர் கூப்பாடு போடுகிறார்கள். அப்படி அடைத்ததும் உண்டு. 1881-ல் லண்டன் பார்லிமெண்டில், அயர்லாந்துக்காரரை அடக்க வந்த மசோதாவை ஐரிஷ் அங்கத்தினர்கள் 41 மணி நேரத்துக்கு மேல் பேசித் தடுத்தார்கள். சபாநாயகர் பிராண்ட் தாமாகவே விவாதத்தை முடித்துவிட்டார். அதை நாம் நியாயமென்று சொல்ல வரவில்லை.

ஆனால் அமெரிக்க செனட்டில் நடந்ததென்ன? அங்கே எழுந்து நின்றவர் தாமாக உட்காரும் வரை பேசலாம். 1917-ல்தான், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் விவாதத்தை நிறுத்தலாமென்று விதி செய்தார்கள். 1957-ல் கருப்பு மக்களின் ஓட்டுரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற கனவான் 24 மணி 18 நிமிஷம் பேசினார். பேச்சா அது? மாகாணங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்! நம் புராணப் பிரசங்கிகளெல்லாம் இவரிடம் பாடங்கேட்க வேண்டும். அந்த மசோதா எப்படியோ தப்பிற்று.

1964-ல், ஓட்டலில் சாப்பிடவும் தங்கவும் நிறம் பார்க்கக் கூடாதென்று மசோதா வந்தது. தென் மாகாணத்தார் மாதக் கணக்கில் பேசினார்கள். ஜூன் 10-ந் தேதி காலை ராபர்ட் பர்ட் 14 மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டு உட்கார்ந்தார். பிறகு ஓட்டெடுத்ததில் 71 பேர் 'போதும்' என்றார்கள். 29 பேர் 'இன்னும் பேசலாம்' என்றார்கள்.

வாய் அடைபட்டதாக அழுதவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: அத்தனை மாதம் யாரைப் பற்றிப் பேசினார்களோ, அந்தக் கருப்பு மக்களில் ஒருவராவது அன்று அந்தச் சபையில் அங்கத்தினராக இருந்தாரா?